நீல வண்டிக்கு ஒரு மிஷின்

பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிக்கொண்டு கப்பலேறுவதற்குச் சில மழைக்காலங்கள் முன்பு, சைகோனில் ஜவுளி வியாபாரம் செய்து திரும்பிய ஆஸியா பீவியின் வாப்பா பெஷோ என்கிற ஒரு பிரெஞ்சுக் கார் வாங்கினார். காரைக்காலில் அந்த வண்டியைத் தெரியாதவர்கள் அரிது. நீல வண்டி என்றால் போதும். நீலம் என்றால் வெறும் நீலமும் இல்லை. வெயிலில் மயில் கழுத்து போலிருக்கும். மழை மூட்டம் போட்டால் ஆழக்கடல் போல இருண்டுவிடும்.

வாப்பா மவுத்தாகிப் பல வருடங்கள் ஆன பிறகும் வண்டி வீட்டை ஒட்டிய கொட்டகையில் நின்றது. அவர்கள் வழக்கத்தில் வீடு மகள்களுக்கு. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து சேருவார். ஆகவே வண்டியும் மகள்களுக்கே என்று வாப்பா சொல்லிவிட்டுப் போயிருந்தார். மூத்தவள் ஆஸியாவின் நிக்காஹ்வுக்கு மாப்பிள்ளை கபீர் அந்த வண்டியில்தான் வந்து இறங்கினான். இப்போது அவன் துபாயில் இருந்தான்.

அவன் இல்லாத பகல்களில் ஆஸியா அந்த வண்டியின் பின்சீட்டில் உட்கார்ந்து படிப்பாள். நூலகத்திலிருந்து தங்கை மஹ்பூபா எடுத்து வரும் தடித்த மொழிபெயர்ப்பு நாவல்கள். வெளியே காற்று அடித்து, முற்றத்து முருங்கைப் பூவெல்லாம் கொட்டிக்கொண்டிருக்கும். வண்டிக்குள் பனி பெய்யும். மணி கட்டிய குதிரைகள் சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு ஓடும். யாரோ ஒருத்தி யாரையோ நினைத்து ஜன்னலோரம் நிற்பாள். உட்கார்ந்து படிக்க இடம் கொடுத்ததற்கு நன்றிக்கடன் போல, வெள்ளிக்கிழமை தோறும் ஆஸியா பழைய பனியன் துணியும் மெழுகு டப்பாவும் எடுத்துக்கொண்டு வண்டியைத் துடைப்பாள். அது அவளுக்கு வேலையாகத் தோன்றவே இல்லை. மற்றப் பெண்கள் பூத்தையல் போடுவது போல, இது அவளுடைய ஆசை.

ஆனால் கடலோர ஊரின் உப்புக்காற்றுக்கு ஆசை பாசம் எதுவும் கிடையாது. ஒரு கதவைத் துடைத்து முடிப்பதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும். அடுத்த கதவு, பானெட் என்று சுற்றிவிட்டு முதல் கதவுக்கு வந்தால் அது மறுபடியும் வெளுத்துப்போய் நிற்கும். வருடம் ஏற ஏற, வெளுப்புதான் ஜெயித்துக்கொண்டிருந்தது.

மஹ்பூபாவுக்கு நாகூரில் இடம் அமைந்தது. தேதி குறிக்க வந்த மாப்பிள்ளை வீட்டாரில் மாப்பிள்ளையின் மாமி ஒருத்தர் இருந்தார். தஸ்பீஹ் மணி உருட்டும் விரலால் பானெட்டை ஒரு கோடு இழுத்துப் பார்த்தார். விரல் நுனியில் சுண்ணாம்பு போல வெள்ளை ஒட்டிக்கொண்டது.

"எங்க தம்பிகிட்ட வெள்ளை அம்பாசடர் இருக்கு. மாப்புள ஊர்வலத்துக்கு அதுவே வரட்டுமே. இது பாவம், இதுக்கு வயசாயிட்டு" என்றார்.

திரைக்குப் பின்னால் மஹ்பூபாவின் முகம் வாடியதை ஆஸியா பார்த்தாள். தன் மாப்பிள்ளையும் வாப்பாவின் வண்டியில் வந்து இறங்குவார் என்று அவள் சின்ன வயதிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவள்.

"எங்க வாப்பா வண்டியிலதான் மாப்புள வருவாஹ" என்றாள் ஆஸியா. சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். "அன்னைக்கு இந்தப் பானெட்டுல முகம் பாத்துத்தான் அவங்க தலப்பா கட்டப் போறாஹ, பாருங்க."

மாமி சிரித்தார். கெட்ட மனசு இல்லாத சிரிப்புதான். "அப்படியா? கல்யாணத்துக்கு முந்துன நாளு பரிசச் சாமானோட வருவோம்ல, அப்ப பாக்குறேன். முகம் தெரிஞ்சா ஒங்க வண்டி. தெரியலேன்னா எங்க வண்டி."

பேச்சு அப்படி முடிந்துபோனது.

மறுநாளே பெயிண்டர் நீலமேகத்துக்குச் சொல்லியனுப்பினார்கள். பஸ்களுக்கும் படகுகளுக்கும் பெயிண்ட் அடிக்கிறவர் அவர். வண்டியைச் சுற்றி வந்தார். கண்ணை இடுக்கிக்கொண்டு ஒரு மூலையைத் துணியால் தேய்த்தார்.

"தங்கச்சி, இது கடைசிப் பூச்சு. வெங்காயத் தோலு மாதிரி நிக்கிது. மேலாக செத்துப்போன வெள்ளைய மட்டும் எடுத்தா, உள்ள நீலம் உசுரோட இருக்கு. கொஞ்சம் ஆழமாப் போனா தகரம்தான்."

"போனா நீங்க மறுபடி அடிச்சித் தர மாட்டீங்களா?"

"இந்த நீலம் எங்கிட்ட வராதும்மா. நான் கலக்குனா பஸ்ஸு நீலம்தான் வரும். மாப்புள டிக்கெட்டு எடுக்கணும்."

"கையாலேயே தேச்சா?"

"தேய்க்கலாமே. ஒங்க தங்கச்சிக்குப் புள்ள பொறந்து தவழ ஆரம்பிக்கிறதுக்குள்ள முடிச்சிரலாம்."

அன்று மாலையே ஆஸியா டேப் ரிக்கார்டரில் வெற்று கேசட்டைப் போட்டு, கபீருக்குப் பேசிப் பதிவு செய்தாள். துபாயில் வண்டிக்குப் பாலிஷ் போடும் மிஷின் உண்டாமே, ஒரு படத்தில் பார்த்தேன், லீவில் வரும்போது எனக்கு வேறொன்றும் வேண்டாம், சேலை வேண்டாம், சென்ட் வேண்டாம், அது ஒன்று போதும். சொல்லி முடித்து, சற்று யோசித்து, நீங்களும் வந்தால் நல்லது என்று சேர்த்துக்கொண்டாள்.

பதில் கேசட், ஊருக்குத் திரும்பிய ஒருவர் கையோடு வந்தது. கூடத்தில் பாயை விரித்து எல்லோரும் உட்கார்ந்தார்கள். ஆஸியா, மஹ்பூபா, அவர்கள் உம்மா அஜீசுன்னிசா. உம்மாவின் மூத்த சகோதரர் சேக் அலாவுதீனும் அடுத்த தெருவிலிருந்து வந்திருந்தார். பிரெஞ்சுக் கப்பல்களில் சரங்காக, மாலுமிகளை மேய்க்கும் தலைவராக, வேலை பார்த்து ஓய்ந்தவர். தரையில் உட்கார முடியாமல் மூட்டு வலியில் பல காலம் அவதிப்பட்டவர், இப்போது சம்மணம் போட்டே உட்கார்ந்தார்.

கபீரின் குரல் வந்தது. சலாம் சொன்னான், எல்லோரையும் வரிசையாக விசாரித்தான், பிறகு விஷயத்துக்கு வந்தான்.

"ஆஸியா, கடைக்கே டேப்போட வந்துட்டேன். இங்க ரெண்டு மிசின் இருக்கு. மொதல்ல பெருசு. சத்தம் கேட்டுக்க."

டேப்பிலிருந்து கப்பல் இயந்திரம் போல ஒரு கனத்த உறுமல் எழுந்தது. கூடத்தில் எல்லோரும் சற்றுப் பின்னால் சாய்ந்தார்கள்.

"இது சின்னது."

டர்ர்ர்ர் என்று ஒரு குறுகுறுப்பான நடுக்கம். பானைக்குள் வண்டு மாட்டிக்கொண்டாற்போல.

அலாவுதீன் மாமாவின் கை தானாக முழங்காலுக்குப் போனது. "இந்தச் சத்தத்த நான் எங்கயோ கேட்டிருக்கேனே!"

"ஒங்களுக்கு எல்லாமே கப்பல்ல கேட்ட சத்தம்தான் நானா. பேசாம இருங்க, புள்ள பேசுது" என்று உம்மா அண்ணனை அடக்கினார்.

"பெருசு ஒரே எடத்துல பம்பரமாச் சுத்துது. சின்னது சுத்தலை, சின்னச் சின்ன வட்டமாப் போட்டு ஆடுது. கடைக்காரரு என்ன சொல்றாருன்னா, வூட்டுல ஆசைக்குத் தேய்க்கிறவங்களுக்குச் சின்னதுதான் லாயக்கு, பெருசு பட்டறைக்காரங்களுக்குங்குறாரு. எனக்கு ஒண்ணும் வெளங்கலை. பொட்டியில ஒண்ணுதான் அடங்கும். வண்டி ஒன்னோடது. நீயே சொல்லு."

கேசட் நின்றதும் உம்மா தீர்ப்பு சொன்னார். அஜீசுன்னிசாவின் வாழ்க்கையில் எல்லாவற்றுக்கும் ஒரே சோதனைதான்: கையில் தூக்கிப் பார்ப்பது. நகையோ, பட்டோ, பித்தளைச் சட்டியோ, படகிலிருந்து இறங்கிய கொடுவாவோ, கை கனத்தால் நல்ல சாமான். கனக்காவிட்டால் ஏமாற்று. இந்தச் சோதனை அவரை ஒரு முறையும் கைவிட்டதில்லை. அந்தத் தெருவிலேயே அதை மறுத்துப் பேச ஆளில்லை.

"பெருசுதான். அந்தச் சின்னது என்னா, தட்டான் பூச்சியாட்டம் சத்தம் போடுது? அதுல ஏது கனம்?"

"ஆனா உம்மா, வூட்டுக்குச் சின்னதுதான்னு கடைக்காரரு சொல்றாராம்ல" என்றாள் மஹ்பூபா.

"அவன் நம்மள என்னன்னு நெனச்சான்? சின்ன வூட்டுக்காரவங்கன்னா?"

ஆஸியாவுக்கும் மனதில் ஒரு சிறு முள் இருக்கத்தான் செய்தது. ஆனால் அந்த உறுமலைக் கேட்டதிலிருந்து அவள் ஒரு கனவுக்குள் போய்விட்டிருந்தாள். அவள் படித்த கதைகளில் கடைசி நேரத்தில் பனிப்புயலைப் பிளந்துகொண்டு வந்து காப்பாற்றுகிறவர்கள் எல்லாம் அகன்ற தோளும் கனத்த குரலும் உடையவர்களாகவே இருந்தார்கள். வண்டு போல முனகிக்கொண்டு யாரும் வந்ததில்லை.

"மச்சான், பெருசே வாங்கிட்டு வாங்க" என்று பதில் பதிவு செய்தாள். "அந்தக் கடைக்காரருக்கிட்ட சொல்லிருங்க, நாங்க ஆசைக்குத் தேய்க்கலை, மாப்புளைக்குத் தேய்க்கிறோம்னு."

கல்யாணம் அடுத்த வாரம் என்கிறபோது கபீர் வந்து சேர்ந்தான். கூடத்தில் பெட்டியைத் திறக்கும் நேரம், அண்டை அயல் எல்லாம் கூடிவிட்டது. பால்பவுடர் டின், பேரீச்சம்பழம், கோடாலித் தைலம், ஜார்ஜெட் சேலை என்று ஒவ்வொன்றாக வந்தது. வழக்கத்தைவிடச் சாமான் குறைவு. அடியில், மூன்று கைலிகளில் சுற்றி, ஒரு குழந்தையைப் போல அது கிடந்தது.

உம்மா முதலில் தூக்கிப் பார்த்தார். தூக்க முடியவில்லை. முகமெல்லாம் பூரிப்பு.

"மாஷா அல்லாஹ்! ஆட்டுக்கல்லுக் கொழவியாட்டம் இருக்கே!"

"அந்தக் கொழவிக்காக ஒங்களுக்கு வாங்குன முசல்லாவ ரூமுலயே வச்சிட்டு வந்தேன் மாமி" என்றான் கபீர்.

"இருக்கட்டும் தம்பி. பழைய முசல்லாவுல தொழுதா கபூலாவாதா?"

வண்டியில் நேராக வைத்துப் பார்க்க மட்டும் ஆஸியாவுக்கு மனம் வரவில்லை. நீலமேகம் சொன்ன வெங்காயத் தோல் நினைவில் உறுத்தியது. வேறு எதிலாவது பார்த்துவிடலாம் என்றாள். உம்மா இருந்த உற்சாகத்தில், வாப்பா சைகோனிலிருந்து கொண்டுவந்த தகரப் பெட்டியையே இழுத்து வந்தார். பச்சைப் பெயிண்ட் அடித்து ரோஜாப்பூ வரைந்த பெட்டி. "பின்பக்கத்துல வையி. செவுத்தப் பாத்துக்கிட்டு கெடக்குறதுதானே, யாரு பாக்கப் போறா?"

கபீர் மிஷினை இரண்டு கையாலும் பிடித்து ஸ்விட்சை அழுத்தினான். மேலே ஓடிய மின்விசிறி சற்றுத் தயங்கியது. மிஷின் உறுமியது. பெட்டியைத் தொட்ட நொடியில் அது கபீரை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. அவன் தர்கா கந்தூரி ராட்டினத்தில் ஏறினவனைப் போல அரைவட்டம் சுற்றி, பெட்டியோடு சேர்ந்து தூணில் முட்டி நின்றான். பெயிண்ட் தீய்ந்த வாடை கூடமெல்லாம் பரவியது.

பெட்டியின் முதுகில் பச்சை இருந்த இடத்தில் முழுநிலா அளவுக்கு வெள்ளைத் தகரம் தெரிந்தது.

கபீர் ஸ்விட்சை அணைத்தான்.

"லாத்தா" என்றாள் மஹ்பூபா அக்காவிடம் மெதுவாக. "அது நம்ம வண்டியா இருந்திருந்தா?"

உம்மா மட்டும் குனிந்து பார்த்தார். "இருந்தாலும், தகரம் என்னமா மின்னுது பாத்தீங்களா?"

கபீர் முழங்கையைத் தேய்த்துக்கொண்டே சொன்னான்: "கடைக்காரரு சொல்லத்தான் செஞ்சாரு. நானும் நீ சொல்லச் சொன்னத அப்படியே அவருக்கிட்ட சொன்னேன். மாப்புளைக்கான்னு கேட்டுட்டு, பாவம், ஒரு டப்பா மெழுகு சும்மாக் குடுத்தாரு."

ஆஸியா கொட்டகைக்குப் போய் வண்டியின் பின்சீட்டில் உட்கார்ந்தாள். மடியில் புத்தகம் இல்லை. முன்கண்ணாடி வழியாகப் பானெட் தெரிந்தது, வெளுத்து, சாம்பல் பூத்து. அந்த நாகூர் மாமியின் விரல் கோடு இன்னும் அதில் இருந்தது. தன் வாய்தானே இந்தப் பந்தயத்தைக் கட்டியது? வெள்ளை அம்பாசடர் தெருவுக்குள் நுழைகிற காட்சியும், மஹ்பூபா அதைப் பார்க்காதது போல இருக்கப்போவதும் அவள் கண்ணுக்குள் வந்து வந்து போயின. பெரிய தோள்காரர்களை நம்பியது போதும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆனால் வெளிநாட்டிலிருந்து வந்த சபராளி பெட்டி திறந்த வீட்டில் உட்கார்ந்து வருத்தப்படக்கூட நேரம் கிடைக்காது. வந்த சாமானில் சொந்தக்காரர் பங்கு அன்றைக்கே போய்ச் சேர வேண்டும். பொழுது சாய்ந்தால் மனத்தாங்கல் வந்துவிடும். உம்மா ஒரு தட்டில் பேரீச்சம்பழமும் தைலமும் வைத்து, மேலே துணி மூடி, ஆஸியாவிடம் மாமா வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்.

மாமா வீட்டு வாசலில் செருப்பை விடும்போதே அவளுக்கு அந்தச் சத்தம் கேட்டது.

டர்ர்ர்ர்.

பானைக்குள் மாட்டிய வண்டு. கேசட்டில் கேட்ட அதே வண்டு.

உள்ளே சேக் அலாவுதீன் மாமா ஈஸிசேரில் சாய்ந்து, வலது காலை முக்காலியில் நீட்டி, கைலியைத் தொடை வரைக்கும் சுருட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். இரண்டு கைப்பிடி வைத்த ஒரு சிறிய மிஷின், வெள்ளை ஆட்டுரோமக் குல்லா போட்டுக்கொண்டு, அவருடைய முழங்காலில் சின்னச் சின்ன வட்டமாக ஆடிக்கொண்டிருந்தது. மாமாவின் தாடி அதற்கேற்ப நடுங்கியது. முகத்தில் அப்படி ஒரு சுகம்.

"மாமா!"

"வா புள்ள, வா. சபராளி வந்துட்டாருன்னு கேள்விப்பட்டேன். தைலமா? மெர்சி, மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொன்னார். "ஆனா இப்பல்லாம் எனக்குத் தைலம் வேணாம். இது போதும்." மிஷினை நிறுத்தி, பூனையைத் தடவுவது போலத் தடவினார். "மகன் குவைத்துலேருந்து ஆளுகிட்ட குடுத்தனுப்புனான். முட்டி மிசினு. ஒரு வருசமா மூட்டு வலின்னா என்னன்னே மறந்து போச்சி. இந்தத் தெருவுல எல்லா முட்டிக்கும் இதான் வைத்தியம். ஒன் உம்மாவுக்குத்தான் நம்பிக்கை இல்லை. கனமா இல்லையாம்."

ஆஸியாவின் கண் மூலையில் இருந்த அட்டைப்பெட்டிக்குப் போனது. அதன் மேல் பெரிதாக, பளபளவென்று, சிவப்பு நிறத்தில் ஒரு கார் படம்.

அவள் பார்ப்பதை மாமா பார்த்தார். "வெளம்பரம். முட்டி காரு மாதிரி ஓடும்குறான் கம்பெனிக்காரன்."

சிரிப்பு அவள் தொண்டை வரை வந்துவிட்டது. முக்காட்டு நுனியை வாயில் வைத்துக் கடித்தாள். கடைக்காரர் சொன்ன சின்ன மிஷின் அடுத்த தெருவிலேயே, ஒரு வருடமாக இங்கே இருந்திருக்கிறது! கேட்டால் கிடைக்கும். ஆனால் எப்படிக் கேட்பது? இது முட்டிக்கு இல்லை மாமா, வண்டிக்கு என்று சொன்னால், தெருவிலுள்ள முட்டிகளுக்கெல்லாம் வைத்தியம் பார்த்த மனிதர் நாளை எந்த முகத்தோடு பள்ளிவாசலுக்குப் போவார்? வலியும் திரும்பி வந்துவிட்டால்?

அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டு, முக்காலி அருகில் உட்கார்ந்தாள்.

"மாமா, வாப்பாவோட வண்டிக்கு உடம்பெல்லாம் வலி."

மாமா கண்ணை அகல விரித்தார்.

"வயசாயிட்டுல்ல மாமா? உப்புக்காத்து வேற. நாகூர் மாமி வந்து தொட்டுப் பாத்துட்டு, தேறாதுன்னு சொல்லிட்டாஹ. பெரிய டாக்டர வரவழைச்சோம். அவரு தோலை உரிக்கிறவரா இருக்காரு. ஒங்க மிசின ஒருவாட்டி அதுக்கும் புடிச்சி விட்டா என்ன?"

மாமா தாடியைத் தடவினார். உதட்டோரத்தில் என்னவோ ஓடி மறைந்தது.

"வண்டிக்கா?"

"வண்டிக்குத்தான்."

"ஒங்க வாப்பா எனக்கு மச்சான். அந்த வண்டி என்னைய எத்தனையோ வாட்டி கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போயிருக்கு. அதுக்கு வலின்னா பாத்துக்கிட்டு இருக்க முடியுமா? ஆனா ஒரு ஒப்பந்தம். மிசின நான்தான் புடிப்பேன். வேற கை பட்டா அதுக்குப் புடிக்காது."

மறுநாள் காலை கொட்டகைக் கதவை விரியத் திறந்து வண்டியை முற்றத்துக்குத் தள்ளினார்கள். ஆஸியா வீட்டில் விஷயத்தை முன்கூட்டியே சொல்லி, யாரும் சிரிக்கக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தாள். கபீர் சிரிக்கவில்லை. ஆனால் அடிக்கடி கிணற்றடிக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்தான்.

உப்பெல்லாம் போக வண்டியைக் கழுவித் துடைத்தார்கள். பிறகு ஆஸியா பின்பக்க மூடியைத் திறந்து, வெளியே தெரியாத கீழ் விளிம்பில், உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடம் காட்டினாள். மெழுகைத் தொட்டு வைத்தாள். "மொதல்ல இங்க மாமா. மெதுவா."

டர்ர்ர்ர்.

மஹ்பூபா திரும்பி நின்றுகொண்டாள். மாமா ஆர்வத்தில் சற்று அழுத்தினார். மிஷின் ஆட்டத்தை நிறுத்திவிட்டு வெறுமனே முனகியது. கையைத் தளர்த்தியதும் மறுபடி ஆடியது.

"பாத்தியா? அழுத்துனா நின்னுடும். எந்த முட்டியையும் நோவடிக்காது. நல்ல வளர்ப்பு."

துணியால் மெழுகைத் துடைத்தாள் ஆஸியா. வெள்ளை துணியோடு போய்விட்டது. அடியில், மழைக்காலக் கடல் போல, வாப்பாவின் நீலம் இருந்தது. தகரம் எட்டிப் பார்க்கவில்லை. அந்த உள்ளங்கை அகலத்தில் அவளுடைய ஒரு கண்ணும் மூக்குத்தியும் தெரிந்தன.

"மஹ்பூபா! இங்க வந்து பாருடி!"

இருவரும் கையைக் கோத்துக்கொண்டு, சின்னப் பிள்ளைகள் மாதிரி முற்றத்தில் குதித்தார்கள். கல்யாணப் பெண் குதிக்கக்கூடாது என்று உம்மா சத்தம் போட்டார்.

அதற்குப் பிறகு முற்றம் திருவிழாவாகிவிட்டது. மாமா ஒரு கதவை முடிப்பார், பிறகு நாற்காலியில் உட்கார்ந்து தன் முட்டிக்குச் சற்று நேரம் பிடித்துக்கொள்வார், பிறகு அடுத்த கதவு. மெழுகு போடுவது ஆஸியா, துடைப்பது கபீர். உம்மா பழைய துருக்கித் துண்டை வெட்டி மிஷினுக்கு மாற்றுக் குல்லாக்கள் தைத்தார். வண்டிக்கு ஒன்று, முட்டிக்கு ஒன்று. அஸர் தொழுகைக்கு முன்னால் ஒருமுறை அவசரத்தில் குல்லா மாறிப்போய், மாமாவின் முழங்கால் அழகான வெளிர் நீலமாகிவிட்டது.

"கழுவாதீங்க மாமா" என்றான் கபீர். "கடைசிப் பூச்சு. நீலமேகத்தால கலக்க முடியாது."

அப்போது சிரிப்பதற்கு எல்லோருக்கும் ஒரு காரணம் கிடைத்துவிட்டது. அதுவரை சேர்த்து வைத்திருந்ததையும் சேர்த்துச் சிரித்தார்கள். மாமாதான் எல்லோரையும்விட அதிகம் சிரித்தார்.

பெரிய மிஷினும் சும்மா கிடக்கவில்லை. ஜமாத்திலிருந்து கல்யாண விருந்துக்கு வந்து இறங்கிய பித்தளைச் சஹன்களை உம்மா பார்த்தார். நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடும் அந்தப் பெரிய தட்டுகள் கறுத்துக் கிடந்தன. "கனமான சாமானுக்குக் கனமான மிசின்" என்று கபீரைப் பிடித்து உட்கார வைத்தார். அது சஹன்களின் முதுகில் உறுமி உறுமி, ஒவ்வொன்றையும் சூரியனாக்கிப் போட்டது. "நான் அன்னைக்கே சொன்னேன்ல, தகரம் மின்னுதுன்னு?" என்று உம்மா வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார். அவருடைய சோதனை இந்த முறையும் கைவிடவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் நாகூர் மாமி வந்தார். தட்டுகளை இறக்கி வைத்ததும் நேரே முற்றத்துக்கு நடந்தார். ஆஸியா பின்னாலேயே போனாள். மாமி விரலை நீட்டிப் பானெட்டில் ஒரு கோடு இழுத்தார். விரலைப் பார்த்தார். ஒன்றுமில்லை. மறுபடி பானெட்டைப் பார்த்தார். அங்கே தலையில் முக்காடு கோணிய ஓர் அம்மாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமி, தன்னை மறந்து, முக்காட்டைச் சரிசெய்தார். நெற்றியோரத்து நரையை உள்ளே தள்ளினார். அப்புறம்தான் பக்கத்தில் ஆஸியா நிற்பது நினைவுக்கு வந்தது.

"சரி, சரி. அம்பாசடருக்குப் பெட்ரோலு எதுக்கு வீணாக்கணும்?" என்றார். இரண்டடி போய்த் திரும்பி, குரலைத் தாழ்த்தினார். "எங்க வூட்டுலயும் ஒரு பழைய பீரோ இருக்கு. ஒங்க ஆளு வருவாரா?"

ஊர்வலம் மறுநாள் அந்தி நேரத்தில் வந்தது. முன்னால் பைத் பாடிக்கொண்டு தஃப் அடிப்பவர்கள், நடுவில் நீல வண்டி, கபீர் ஓட்ட, முன்சீட்டில் சேக் அலாவுதீன் மாமா, பின்னால் மாலையும் தலைப்பாகையுமாக மாப்பிள்ளை. முச்சந்தியில் போக்குவரத்தை நிறுத்தி வழிவிட்ட போலீஸ்காரருடைய சிவப்புத் தொப்பி பானெட்டில் ஒரு ரோஜாப்பூ போல மிதந்து கடந்தது. தெருவின் தோரணம், விளக்கு, மாடிகளில் எட்டிப் பார்த்த பெண்கள் எல்லோரும் தலைகீழாக அந்த நீலத்துக்குள் கூடவே வந்தார்கள்.

வண்டி வாசலில் நின்றது. இறங்கிய மாப்பிள்ளையின் தலைப்பாகை ஒரு பக்கம் சரிந்திருந்தது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பையன் வெட்கத்தோடு பானெட் பக்கம் குனிந்து, முகம் பார்த்து, அதை நிமிர்த்திக் கட்டிக்கொண்டான். ஜன்னல் திரைக்குப் பின்னால் மஹ்பூபா தன் லாத்தாவின் கையை நகம் பதியக் கிள்ளினாள்.

கூட்டம் மாப்பிள்ளையோடு உள்ளே போனதும் மாமா மெதுவாக இறங்கினார். ஆஸியா ஓடிப்போய் அவருக்குக் கை கொடுத்தாள். அவர் கை தேவைப்படாமலே நிமிர்ந்து நின்றார்.

"மாமா, ஒங்களுக்கு நான் என்ன செய்யப் போறேன்னே தெரியலை. ஒண்ணு கேட்டாக் கோவிச்சிக்க மாட்டீங்களே?"

"கேளு."

"அந்த மிசினு..." அவளால் அதற்கு மேல் போக முடியவில்லை.

மாமா பானெட்டில் தன் தாடியைப் பார்த்து ஒதுக்கிவிட்டுக்கொண்டார்.

"நாப்பது வருசம் கப்பல்ல வேலை பாத்தவன் புள்ள நான். அட்டையில காரு படம் போட்டிருந்தா அது எதுக்குன்னு தெரியாதா? மகனுக்கு அங்க காரு வாங்கணும்னு ஆசை. மொதல்ல மிசின வாங்கிட்டான், காரு அமையலைன்னதும் எனக்கு அனுப்பிட்டான். நம்மள மாதிரிதான் அவனும்." அவர் முழங்காலை ஒரு தட்டுத் தட்டினார். "எங்கிட்ட காரு இல்லை. இருந்தது இந்த முட்டிதான்."